அடுத்த எண் என்ன என்று கேட்டால் போதுமா?

4294967297. நம் வழக்கப்படி படித்தால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. பத்து இலக்கம், ஒரு கைபேசி எண்ணின் நீளம்தான். பத்தாம் வகுப்பை முடிக்கும் முன் தமிழ்நாட்டின் ஒவ்வொரு பிள்ளையும் இந்த எண்ணை ஒரு முறையாவது தன் கையால் வகுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பணியில் இருந்த காலத்தில் இந்த எண்ணைப் பாடத்துக்கு வெளியே இருந்துதான் வகுப்புக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. இனி வரும் பிள்ளைகளுக்கு அது பாடத்துக்குள்ளேயே கிடைக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் எண்ணின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதை அதனாலேயே பெருக்கினால் 4. அதையும் அதனாலேயே பெருக்க 16. பிறகு 256. பிறகு 65536. இன்னும் ஒரு முறை பெருக்கினால் 4294967296. இந்த வரிசையில் உள்ள ஒவ்வொன்றோடும் 1 கூட்டுங்கள்: 3, 5, 17, 257, 65537, 4294967297. முதல் மூன்றும் பகா எண்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். 257-ஐ 13 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். எதுவும் மீதியில்லாமல் போகாது. 65537-க்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். 251 வரை 54 பகா எண்கள் இருக்கின்றன, அத்தனைக்கும் அது அசையாது. ஆக, ஐந்தும் பகா எண்கள். ஆறாவது?

பியர் ஃபெர்மா அதுவும் பகா எண்தான் என்று நம்பினார். பிரான்சின் தூலூஸ் நகரத்து நீதிமன்றத்தில் பதவி வகித்தவர், ஓய்வு நேரத்தில் கணக்குச் செய்தவர். அந்த ஓய்வு நேரக் கணக்கு இன்றுவரை உலகத்துக்கு வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறது. 1640-ல் ஃபிரெனிக்கிள் என்ற சக கணித ஆர்வலருக்கு எழுதிய கடிதத்தில், இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்கள் என்று தான் நம்புவதாகச் சொன்னார். சரியான நிரூபணம் தன்னிடம் இல்லை என்பதையும் சேர்த்தே எழுதினார். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகவே ஃபெர்மா மேல் எனக்குத் தனி மரியாதை. நம்புவது வேறு, நிரூபிப்பது வேறு என்று தெரிந்தவர் எழுதிய வாக்கியம் அது.

கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டுகள் அந்த நம்பிக்கை அப்படியே கிடந்தது. 1729 டிசம்பர் 1-ஆம் தேதி, மாஸ்கோவில் இருந்த கோல்ட்பாக் என்ற கணித அறிஞர், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த இளைஞர் லியோனார்ட் ஆய்லருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் பின்குறிப்பில் ஃபெர்மாவின் இந்தக் கூற்றைத் தெரியுமா என்று கேட்டிருந்தார். (ராமானுஜனால் புகழ்பெற்ற 1729 இங்கே ஆண்டாக வந்து நிற்பது தற்செயல்தான், ஆனால் வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.) ஆய்லர் முதலில் பெரிதாக அக்கறை காட்டவில்லை. கோல்ட்பாக் விடவில்லை. 1732-ல், தன் 25-ஆம் வயதில், ஆய்லர் விடை சொன்னார்: 4294967297 பகா எண் அல்ல. 641-ஆல் மீதியில்லாமல் வகுபடும். ஈவு 6700417.

இதை எந்தக் கருவியும் இல்லாமல் இப்போதே சரிபார்க்கலாம். 4294-ல் 641 ஆறு முறை போகும், மீதி 448. 9-ஐ இறக்கினால் 4489. ஏழு முறை போகும், மீதி 2. அடுத்து 6-ஐ இறக்கினால் 26, போகாது, ஈவில் பூச்சியம். 7-ஐ இறக்கினால் 267, மறுபடியும் பூச்சியம். இந்த அடுத்தடுத்த இரண்டு பூச்சியங்களில் ஒன்றை விட்டுவிடுவதுதான் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் பிழை. 2-ஐ இறக்கினால் 2672. நான்கு முறை, மீதி 108. 9-ஐ இறக்கினால் 1089. ஒரு முறை, மீதி மறுபடியும் 448. கடைசி 7-ஐ இறக்கினால் 4487. அது சரியாக ஏழு 641. மீதி இல்லை.

வகுப்பில் இதை நான் இப்படிச் சொல்லிக் காட்டியதில்லை. விடையை மறைத்துவிடுவேன். முதல் ஐந்து எண்களை எழுதி, அவை பகா எண்கள் என்று அவர்களையே சோதிக்க வைத்து, ஆறாவதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, இது என்ன என்று மட்டும் கேட்பேன். வகுப்பு மொத்தமும் பகா எண் என்று ஒரே குரலில் சொல்லும். ஒரு மாணவி என்னிடம் கேட்டது நினைவிருக்கிறது: “அஞ்சுக்கும் சரியா வந்துச்சே டீச்சர், ஆறாவதுக்கு மட்டும் ஏன் வராம போகும்?”

கணக்குப் பாடத்தில் ஒரு பிள்ளை கேட்கக்கூடிய மிக நல்ல கேள்விகளில் ஒன்று இது. அதற்கு நான் சொன்ன பதில், வராமல் போவதற்குக் காரணம் தேவையில்லை, எப்போதும் வரும் என்று சொல்வதற்குத்தான் காரணம் வேண்டும் என்பது. சொன்னால் புரிந்துவிடாது. செய்து பார்க்க வேண்டும்.

செய்வது எளிது. 641 வரை உள்ள பகா எண்கள் 116. இந்த எண் ஒற்றைப்படை, 2 போயிற்று. இலக்கங்களைக் கூட்டினால் 59, ஆகவே 3 போயிற்று. கடைசி இலக்கம் 7, ஆகவே 5 போயிற்று. ஒன்று விட்டு ஒன்று கூட்டிக் கழித்தால் 11-உம் போய்விடும். மீதம் 112. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஆளுக்கு மூன்று வகுத்தல்கூட வராது. ஒரு பாடவேளை போதும். எங்கள் பள்ளியில் நோட்டில் இடம் போதாமல் சிலர் வராண்டாச் சிமெண்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் வகுப்பார்கள். ஒரு ஆண்டு 641 கிடைத்த பையனுக்கு மீதி பூச்சியம் வந்தது. மற்ற எல்லாருக்கும் மீதி வந்துகொண்டிருந்ததால், தான் எங்கோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினான். மறுபடியும் பூச்சியம். பக்கத்தில் இருந்தவனைக் கூப்பிட்டுச் செய்யச் சொன்னான். அவனுக்கும் பூச்சியம். அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தான். பெரிய மேதை ஒருவர் நம்பியதைத் தன் கையெழுத்து மறுக்கிறது என்பதை அந்தப் பையன் ஏற்றுக்கொள்ள எடுத்துக்கொண்ட அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் இந்த எண்ணைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறேன்.

கேட்டது வந்துவிட்டது என்று அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. இந்த எண்ணுக்குள் இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ என்ற இயலில் மட்டு எண்கணிதம் வருகிறது. இத்தனை மணிக்குப் பிறகு கடிகாரம் என்ன காட்டும், இத்தனை நாளுக்குப் பிறகு என்ன கிழமை என்ற கணக்குகளோடு பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது முடிந்துபோகிறது. அதே கருவியை இந்த எண்ணின் மேல் வைத்துப் பாருங்கள். 65536-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி 154. நம் எண் 65536-இன் வர்க்கத்தோடு 1. ஆகவே பத்து இலக்கத்தைத் தொடவே வேண்டாம். 154-இன் வர்க்கத்தோடு 1 கூட்டினால் போதும். 154-இன் வர்க்கம் 23716. ஒன்று கூட்ட 23717. அது 641 × 37. முடிந்தது. ஒரு பக்கம் முழுக்க ஓடிய வகுத்தல் இரண்டு வரியில் அடங்கிவிடுகிறது. மீதிகளை வைத்துக் கணக்குப் போடுவது எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது.

இன்னும் அழகான வழி ஒன்று உண்டு. அதில் வகுத்தலே கிடையாது. 641 என்பது 640 + 1. அதாவது 5-ஐ 128-ஆல் பெருக்கி 1 கூட்டியது. அதே 641 என்பது 625 + 16. அதாவது 5-இன் நான்காம் அடுக்கும் 2-இன் நான்காம் அடுக்கும் சேர்ந்தது. முதல் செய்தியின்படி, 5 × 128-ஐ 641-ஆல் வகுத்தால் மீதியை −1 என்று கொள்ளலாம். அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1. 128 என்பது 2-இன் 7-ஆம் அடுக்கு என்பதால், 5-இன் நான்காம் அடுக்கை 2-இன் 28-ஆம் அடுக்கால் பெருக்கினால் மீதி 1 என்றாகிறது. இரண்டாம் செய்தியின்படி, 5-இன் நான்காம் அடுக்கு இருக்கும் இடத்தில் 2-இன் நான்காம் அடுக்கைக் கழித்தல் குறியோடு போடலாம். போட்டால், 2-இன் 32-ஆம் அடுக்கு −1 என்ற மீதியைத் தருகிறது. அதோடு 1 கூட்டினால் பூச்சியம். பதினொன்றாம் வகுப்பில் கணக்கு எடுத்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றுவிடுவேன். ஒரே எண்ணை இரண்டு விதமாக எழுதியதால் மட்டுமே ஒரு உண்மை வெளியே வந்துவிட்டது என்பது மெல்லத்தான் உறைக்கும்.

ஃபெர்மாவால் இதை ஏன் பார்க்க முடியவில்லை என்பது என்னை நெடுங்காலம் வருத்திய கேள்வி. கருவி அவரிடமே இருந்தது. 2-இன் அடுக்குகளை ஒரு பகா எண்ணால் வகுத்து மீதிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். அவை ஒரு சுற்றாகத் திரும்பத் திரும்ப வரும். அந்தச் சுற்றின் நீளம் எப்போதும் அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைந்ததை மீதியின்றி வகுக்கும். இதைச் சொல்லும் தேற்றத்துக்கு ஃபெர்மாவின் பெயர்தான். அதையும் அவர் 1640-ல்தான் ஃபிரெனிக்கிளுக்கு எழுதினார். நம் எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருந்தால், 2-இன் 32-ஆம் அடுக்கு அதற்கு −1 மீதி தரும், 64-ஆம் அடுக்கு 1 தரும். ஆகவே சுற்றின் நீளம் 64. அந்தக் காரணி 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்க முடியும். அப்படிப்பட்ட பகா எண்கள் எவை? 193, 257, 449, 577, 641. சோதிக்க வேண்டியவை 112 அல்ல, ஐந்து. 193-க்கு மீதி 109. 257-க்கு 2. 449-க்கு 325. 577-க்கு 288. ஐந்தாவது 641. இதே வகையான யோசனையைக் கொண்டு அவரே அந்த ஆண்டில் 2-இன் 37-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணுக்கு 223 ஒரு காரணி என்று கண்டுபிடித்திருக்கிறார். அது நம் எண்ணைவிட மிகப் பெரியது. அப்பேர்ப்பட்டவரை இங்கே தடுத்து நிறுத்தியது வரிசையின் முதல் ஐந்து எண்கள் தந்த நம்பிக்கைதான் என்று நான் நினைக்கிறேன்.

வேறு பிள்ளைகள் இன்னொன்று கேட்பார்கள்: சரி, 6700417 பகா எண்ணா? இதற்கும் அதே விதி உதவும், இன்னும் கொஞ்சம் கூர்மையாக. 64-க்குப் பதில் 128-இன் மடங்குகளோடு 1 கூட்டியவற்றை மட்டும் பார்த்தால் போதும் என்பது பின்னாளில் லூகாஸ் என்ற கணித அறிஞர் கண்டது. 6700417-இன் வர்க்கமூலம் 2588-ஐ ஒட்டி வருகிறது. அதற்குக் கீழே இந்த வடிவத்தில் உள்ள பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409. மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றுகூடப் பூச்சியம் இல்லை. ஆகவே 6700417 பகா எண். ஐந்து வகுத்தலில் ஏழு இலக்க எண் ஒன்று பகா எண் என்று உறுதியாகிறது. இதை நம்ப வேண்டியதில்லை. தெரியும்.

எண்ணின் இன்னொரு குணத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. அதிலிருந்து 2-ஐக் கழித்தால் 4294967295. அது 3 × 5 × 17 × 257 × 65537. அதாவது, தனக்கு முன்னால் வந்த ஐந்து எண்களின் பெருக்கல். அதனால்தான் அந்த ஐந்தில் எதனால் வகுத்தாலும் நம் எண் 2 மீதி தருகிறது. மேலே 257-க்கு வந்த மீதி 2 தற்செயல் அல்ல. இந்த வரிசையில் எந்த இரண்டு எண்களுக்கும் பொதுக் காரணி இருக்க முடியாது என்பதும் இதிலிருந்தே வந்துவிடும். வரிசைக்கு முடிவில்லை, ஒவ்வொன்றும் புதிய பகாக் காரணியைக் கொண்டுவருகிறது, ஆகவே பகா எண்களுக்கும் முடிவில்லை. கோல்ட்பாக் 1730-ல் ஆய்லருக்கு எழுதிய வாதம் இது. ஃபெர்மாவின் கூற்று பொய்த்துப்போனாலும் அந்த வரிசை வீணாகவில்லை.

1796 மார்ச் 30-ஆம் தேதி, 19 வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்த கணித மேதை காஸ், அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து 17 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை வரைய முடியும் என்று கண்டார். ஒற்றைப்படைப் பக்கங்களுடைய எந்தெந்தப் பலகோணங்களை அப்படி வரையலாம் என்பதற்கு விடை, ஃபெர்மாவின் இந்த வரிசையில் உள்ள பகா எண்களில்தான் இருக்கிறது. 3, 5, 17, 257, 65537 தவிர வேறொன்றும் இதுவரை கிடைக்கவில்லை. ஆகவே இன்று நமக்குத் தெரிந்த அளவில், அப்படி வரையக்கூடிய ஒற்றைப்படைப் பலகோணங்களில் மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள். நம் எண்ணுக்கு இரண்டு குறைவு.

வரிசை அதோடு நிற்கவில்லை. அடுத்தது 18446744073709551617. சதுரங்கக் கட்டங்களில் ஒன்று, இரண்டு, நான்கு என்று இரட்டித்து நெல் வைத்த கதையின் மொத்தத்தோடு இரண்டைக் கூட்டினால் இந்த எண் வரும். 1880-ல், தன் 82-ஆம் வயதில், லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் அதை 274177 × 67280421310721 என்று பிரித்துக் காட்டினார். அதற்கு அடுத்தபடியாக இருந்தவற்றை முழுமையாகப் பிரிக்கக் கணினிகள் வேண்டியிருந்தன. நம் எண்ணை 5-ஆம் எண்ணாக வைத்து, அதாவது 3-ஐப் பூச்சியத்தில் தொடங்கி எண்ணினால், 5 முதல் 32 வரை உள்ள அனைத்தும் பகு எண்கள் என்று தெரிந்திருக்கிறது. 33-ஆவது என்னவென்று தெரியாது. 20-ஆவதும் 24-ஆவதும் பகு எண்கள் என்று நிரூபணம் இருக்கிறது. ஆனால் அவற்றின் ஒரு காரணிகூட இதுவரை யாருக்கும் தெரியாது. காரணியைக் காட்டாமலே பகு எண் என்று நிரூபிக்க முடியும் என்பது பிள்ளைகளைத் தூங்கவிடாத செய்தி.

இப்போது என் குறைக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் எழுதும் உதவித்தொகைத் தேர்வு முதல் வேலைக்கான போட்டித் தேர்வுகள் வரை ஒரு வகைக் கேள்வி விடாமல் வருகிறது. நான்கு அல்லது ஐந்து எண்களைக் கொடுத்து, அடுத்த எண் என்ன என்று கேட்பார்கள். இதற்கென்றே வழிகாட்டி நூல்கள், பயிற்சி வகுப்புகள், மனப்பாடச் சூத்திரங்கள். இந்தப் பயிற்சி பிள்ளைகளின் கண்ணைக் கூர்மையாக்குகிறது என்பதை மறுக்கவில்லை. ஒழுங்கைக் கவனிப்பதில்தான் கணக்குத் தொடங்குகிறது. ஆனால் கவனித்ததோடு கேள்வி முடிந்துவிடுகிறது. ஏன் என்ற கேள்விக்கு விடைத்தாளில் இடமே இல்லை. நான்கைந்து எடுத்துக்காட்டு ஒரு விதியை உறுதி செய்துவிடும் என்று ஆண்டுக்கணக்கில் பழக்கிவிட்டு, பதினொன்றாம் வகுப்பில் கணிதத் தொகுத்தறிதலை நடத்தும்போது, இது எதற்கு, அதுதான் வருகிறதே என்று பிள்ளை கேட்டால் குற்றம் பிள்ளையுடையது அல்ல.

ஒரு வட்டத்தின் மேல் புள்ளிகளை வைத்து, எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று கோடுகளால் இணைக்கச் சொல்லுங்கள். மூன்று கோடுகள் உள்ளே ஒரே இடத்தில் சந்திக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு புள்ளிக்கு வட்டம் 1 பகுதி, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆறுக்கு 32 என்று எழுதாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. எண்ணிப் பார்த்தால் 31. தேர்வு அறையில் 32-க்கு மதிப்பெண், 31-க்குச் சுழி.

எங்கள் ஊர்க்காரர் என்று நாங்கள் உரிமை கொண்டாடும் ராமானுஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1913-ல் அவர் ஹார்டிக்கு எழுதிய கடிதங்களில் எத்தனையோ வியப்புகள் இருந்தன. அவற்றோடு, ஒரு எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கும் என்று மிகத் துல்லியமாகச் சொல்ல முடியும் என்ற கூற்றும் இருந்தது. அது தவறு. ஹார்டி நிரூபணங்களைக் கேட்டு எழுதினார். அந்தக் கேட்டலும் அதற்குப் பின் கேம்பிரிட்ஜில் நடந்த உழைப்பும் ராமானுஜனின் பெருமையில் ஒரு துளியைக்கூடக் குறைக்கவில்லை. ஆனால் நம் மேடைகளில் நாம் சொல்லும் ராமானுஜன் கதையில் கனவும் உள்ளுணர்வும் மட்டுமே இருக்கின்றன. நிரூபணம் கேட்ட பகுதி இருப்பதில்லை.

அதேபோல, மேதைக் குழந்தைகளின் மேல் நமக்கு ஒரு மயக்கம். இந்த எண்ணுக்கும் அப்படி ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் 1804-ல் பிறந்த செரா கோல்பர்ன் என்ற சிறுவனை அவன் தந்தை லண்டனுக்கு அழைத்துவந்து கூட்டங்களில் கணக்குச் சொல்ல வைத்தார். எட்டு வயதில் அவனிடம் 4294967297-ஐச் சொன்னபோது, 641 × 6700417 என்று மனத்துக்குள்ளேயே பிரித்துச் சொன்னதாக அக்காலப் பதிவுகள் சொல்கின்றன. வியக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சிறுவனைப் பற்றிய செய்தியால் நம் பள்ளியில் கடைசி பெஞ்சில் இருக்கும் பெண்ணுக்கு ஒன்றும் கிடைக்காது. அவள் கையில் மூன்று பகா எண்களைக் கொடுத்து வகுக்கச் சொன்னால் கிடைக்கும். வராண்டாவில் வகுத்தவர்களில் யாரும் மேதைகள் அல்லர். வாய்ப்பாடு தடுமாறுகிறவர்களும் அதில் இருந்தார்கள்.

கைபேசியில் ஒரு நொடியில் வந்துவிடுமே, எதற்கு இந்தக் கையுழைப்பு என்று இளைய ஆசிரியர்கள் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வரட்டும். 641-ஆல் வகு என்று சொன்னால் கைபேசி வகுத்துவிடும்; ஏன் 641, ஏன் 193-இலிருந்து தொடங்கினால் போதும், எங்கே நிறுத்தலாம் என்பதைப் பிள்ளைதான் யோசிக்க வேண்டும். அந்தக் கைபேசிக்குள்ளும் இந்த எண்ணின் உறவினர்கள் இருக்கிறார்கள். 32 இருமக் குறிகளால் எழுதக்கூடிய எண்களின் எண்ணிக்கை 4294967296. இணையத்தின் பழைய முகவரி முறையில் உள்ள முகவரிகளின் எண்ணிக்கையும் அதுதான். வங்கிப் பரிமாற்றங்களைப் பூட்டிவைக்கும் மறையீட்டு முறைகளில் 65537 அன்றாடம் பயன்படுகிறது. ஒரு பெரிய எண்ணைக் காரணிகளாகப் பிரிப்பது கடினம் என்பதன் மேல்தான் அந்தப் பூட்டின் உறுதியே நிற்கிறது. இரண்டு எண்களைப் பெருக்குவது எவ்வளவு சுலபம், பெருக்கியதைத் திரும்பப் பிரிப்பது எவ்வளவு பாடு என்று தன் கையால் உணர்ந்த பிள்ளைக்கு அதை விளக்க இரண்டு நிமிடம் போதும்.

பாடத்தை முடிக்கவே நேரம் இல்லை என்பது நியாயமான மறுப்பு. அரையாண்டுக்குள் இத்தனை இயல், அதற்குப் பிறகு திருப்புதல் தேர்வுகள் என்ற ஓட்டத்தை நானும் ஓடியவள்தான். நான் புதிதாக ஓர் இயல் கேட்கவில்லை. ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ இயலில், அடிப்படை எண்ணியல் தேற்றத்துக்கும் மட்டு எண்கணிதத்துக்கும் நடுவே ஒரு செயல்பாடு. இரண்டு பாடவேளை. முதல் வேளையில் பகா எண்களைப் பங்கிட்டுக்கொண்டு வகுக்க வேண்டும். இரண்டாவதில் 154-ஐ வைத்து அதே விடையை இரண்டு வரியில் பெற வேண்டும். கடிகாரக் கணக்குகளில் மூன்று நான்கைக் குறைத்தால் இடம் கிடைத்துவிடும். ஆசிரியர் கையேட்டில் 641-இன் இரண்டு வடிவங்களையும் 6700417-க்கான ஐந்து மீதிகளையும் ஒரு பக்கத்தில் அச்சிட்டுவிட்டால், எந்தக் கணக்கு ஆசிரியரும் முன்தயாரிப்பு இல்லாமல் நடத்தலாம்.

செயல்பாடு என்று போட்டால் நடத்தாமல் விட்டுவிடுவார்கள், தேர்வில் வந்தால்தான் நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே கேள்வியையும் நானே எழுதித் தருகிறேன். ஐந்து மதிப்பெண். “3, 5, 17, 257, 65537 ஆகியவை பகா எண்கள். இதே முறையில் வரும் அடுத்த எண்ணும் பகா எண் என்று சொல்ல இந்த ஐந்தும் போதுமா? உன் விடைக்குக் காரணம் எழுது. 65536-ஐ 641-ஆல் வகுக்கும்போது கிடைக்கும் மீதியைப் பயன்படுத்தலாம்.” போதாது என்று எழுதுவதற்கு ஒரு மதிப்பெண். காரணத்துக்கு நான்கு.